மிகைப்படுத்தும் கேமரா

அந்த அலுவலகத்தில் ஏழு வருஷமாக அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விரிசல் என்றால் அவர்தான். "விரிசல் வந்தாச்சா?" என்பார்கள். "இந்தக் கோப்ப விரிசல்கிட்ட குடுங்க" என்பார்கள். கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்குச் சொந்தமான குடியிருப்புகளைச் சுற்றிவந்து, எந்தச் சுவர் எங்கே வெடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. கையில் ஓர் இரும்பு அளவுகோல், தோளில் ஒரு பை, பையில் கொஞ்சம் பிளாஸ்டரும் விரல் நீளக் கண்ணாடிப் பட்டைகளும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு பட்டையை ஒட்டி, அதன்மேல் தேதி எழுதிவைப்பார். பட்டை முழுசாக இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது. உடைந்தால் சுவர் நகர்கிறது. பொய் சொல்லத் தெரியாத கருவி என்பதால் அலுவலகத்தில் அதற்கு மரியாதை கிடையாது.

மூன்றாம் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் அவர் ஒட்டிய பட்டை மூன்றே நாளில் உடைந்தது. இன்னொன்று ஒட்டினார். அது இரண்டு நாள் தாங்கியது. மூன்று தளம், பன்னிரண்டு வீடு. அதில் தரைத்தளத்தில், படியை ஒட்டிய வீட்டில் இருந்தது அவருடைய சொந்த அக்கா. அக்கா பள்ளிச் சீருடைகள் தைப்பவள். அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களைவிட வழியில் இருக்கும் நாட்கள் அதிகம். எட்டாவது படிக்கும் ஒரு மகள், அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாப்பாவின் கட்டில்.

விரிசல் அன்றைக்கே அறிக்கை எழுதினார். சுவர் நகர்கிறது, குடியிருப்பவர்களை உடனே வெளியேற்ற வேண்டும் என்று இரண்டே வரி. நாலாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "படம் இணைக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தது.

அதை எழுதிய செயலாளர் அம்மாவிடம் போய் நின்றார்.

"மேடம், என் போன்ல படம் இருக்கு. இப்பவே குடுத்துடுறேன்."

"போன் யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்."

"அப்ப விரிசலும் உங்களோடது" என்றார் செயலாளர், கோபமே இல்லாமல். "அலுவலகக் கேமராவுல எடுத்தாதான் அது அலுவலகத்து விரிசல். உங்க சொந்த விரிசலுக்காகப் பன்னெண்டு குடும்பத்த நாங்க எப்படி வெளியேத்த முடியும்?"

அலுவலகக் கேமரா என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் பேட்டரி வீங்கி, மூடி மூடாமல், ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் கிடந்தது. ஆக, புதுசு வாங்க வேண்டும். சின்னதாக, சட்டைப்பைக்குள் போகிற டிஜிட்டல் கேமரா ஒன்று. கடைக்குப் போனால் ஒரு மணி நேர வேலை. ஆனால் எந்தப் பொருளை வாங்குவதாக இருந்தாலும் இரண்டை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் ஒரு விதி. ஒப்பிடுவதற்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவர்.

முதல் கூட்டத்தில் தலைவர் பேசியதை அப்படியே தருகிறேன். என்னால் இதைவிட நன்றாக எழுத முடியாது.

"நம்ம குழு இதுவரைக்கும் ஒரு பொருளக்கூட அவசரப்பட்டு வாங்கினதில்ல. அத நான் பெருமையா சொல்லுவேன். அஞ்சாம் குடியிருப்புல தீப்பிடிச்சப்ப ஏணி கேட்டாங்க. அவசரம் அவசரம்னு குதிச்சாங்க. நாங்க அசையலையே! மரத்துல ஒண்ணு, அலுமினியத்துல ஒண்ணுன்னு பதினாலு மாசம் ஒப்பிட்டோம். கடைசியில எவ்வளவு நல்ல ஏணி வாங்கினோம் தெரியுமா? இன்னிக்கும் போய்ப் பாருங்க. ஒரு கீறல் கிடையாது. யாரும் ஏறினதே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். விரிசலும் தட்டினார்.

கடைக்காரர் நல்ல மனுஷர். ஒப்பீட்டுக்கென்று இரண்டு கேமராக்களைக் கொடுத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். கறுப்பில் பதினாறு மெகாபிக்சல், எட்டு மடங்கு ஜூம். வெள்ளியில் பன்னிரண்டு மெகாபிக்சல், ஐந்து மடங்கு ஜூம், ஆனால் மங்கலான இடத்தில் கொஞ்சம் தெளிவாக எடுக்கும்.

"எதுக்குங்க வாங்குறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு சுவர எடுக்கணும்."

"சுவர்தானே? அது ஓடவா போகுது? எதை எடுத்துட்டுப் போனாலும் எடுக்கும்."

இதை விரிசல் அப்படியே குழுவில் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டும் நல்லது என்று ஒரு கடைக்காரர் சொன்னால் பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது என்று தலைவர் முகம் சிவந்துபோனார். கடைக்காரரின் கருத்தைக் குறிப்பிலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பதிலாக நாற்பத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தயாரானது. கேமரா மேசையிலிருந்து விழுந்தால் எந்தப் பக்கமாக விழும் என்பது பதினேழாவது கேள்வி. சோதித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று ஓர் அடிக்குறிப்பு. விழுந்தால் உடையுமா என்ற கேள்வி அதில் இல்லை. நல்லவேளை, தரையில் பாய் விரித்திருந்தார்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இரண்டு கேமராவாலும் ஒரே பொருளைப் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பொருள் என்று கேட்டார்கள். விரிசல் எழுந்து, "மூணாம் குடியிருப்பு மாடிப்படிச் சுவர் சார்" என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஒப்பீடும் முடிந்துவிடும், படமும் கிடைத்துவிடும் என்று அவருக்குக் கணக்கு. குழு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. அவருக்கே ஆச்சரியம்.

ஸ்டோர் கீப்பரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கறுப்பை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வெள்ளியையும் குடுங்க அண்ணே. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துட்டு வந்துடுறேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒரு கேமரா. உங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்குங்கிறதுக்காக ரெண்டு கேமராவ நான் குடுக்க முடியுமா?"

"அப்ப வேற ஒருத்தர வெள்ளிக்குக் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

"வேற ஆள் எடுத்தா அது ஆளையும் ஆளையும் ஒப்பிடுறது. கேமராவ ஒப்பிடுறது இல்ல" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடிந்ததில்லை.

கறுப்பில் படம் எடுத்து, கேமராவைத் திருப்பிக் கொடுத்து, படத்தை அச்செடுத்து, அதற்கு எண் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை குத்தி, கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சான்று வாங்கி, பிறகுதான் வெள்ளி வெளியே வரும். எவ்வளவு விரட்டினாலும் எட்டு நாள் ஆகும். விரிசல் விரட்டத்தான் செய்தார். எட்டு நாள் ஆனது.

கறுப்பு எடுத்த படத்தில் விரிசல் தீக்குச்சித் தடிமன் இருந்தது. எட்டு நாள் கழித்து வெள்ளி எடுத்த படத்தில் பென்சில் தடிமன்.

இரண்டு உறைகளையும் கூட்டத்தில் பிரித்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பிறகு கழற்றியே பார்த்தார்.

"ஒரே சுவர்தானே?"

"ஒரே சுவர்தான் சார். நடுவுல எட்டு நாள் ஆயிடுச்சு. சுவர் நகருது. நான் ஒட்டின கண்ணாடி உடைஞ்சிருக்கு சார், அதத்தான் நான் முதல்லேருந்து..."

"கண்ணாடிய விடுங்க. கண்ணாடி என்ன கேமராவா? நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஒரே சுவர ரெண்டு கேமரா ரெண்டு விதமா காட்டினா தப்பு எதுல இருக்கு? சுவர்லயா, கேமராவுலயா? சுவருக்கு என்ன தெரியும்? அது சும்மா நிக்குது. வெள்ளி மிகைப்படுத்துது. எழுதிக்கோங்க மேடம்."

செயலாளர் எழுதினார்: வெள்ளிக் கேமராவுக்கு மிகைப்படுத்தும் தன்மை உள்ளது.

"இருந்தாலும் நாம நியாயமா நடந்துக்கணும்" என்றார் தலைவர். "வெள்ளிக்கு இன்னொரு வாய்ப்பு குடுப்போம். இந்தத் தடவ வெள்ளி முதல்ல, கறுப்பு அப்புறம்."

அன்று மாலை விரிசல் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு சீருடை, பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.

"நீ எங்கயாவது போயிடுக்கா. ஒரு பத்து நாளைக்கு."

"எங்கடா போவேன்? அவர் ஊர்ல இல்ல. இந்தத் துணியயும் மெஷினையும் தலையில தூக்கிட்டு யார் வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்ற? உன் வீடே ஒத்த அறை. மத்த பதினோரு குடும்பமும் எங்க போகும்? நீதானே ஆபீஸ்ல இருக்கே? ஒரு காகிதம் வாங்கிட்டு வரத் துப்பில்ல."

அவர் உள் அறைக்குப் போய் பாப்பாவின் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப்போட்டார். மூன்றடிக்கு மேல் இழுக்க அறையில் இடமில்லை.

இரண்டாம் சுற்றில் வெள்ளியின் படம் பெருவிரல் தடிமன் காட்டியது. எட்டு நாள் கழித்துக் கறுப்பு எடுத்த படத்தில் இரண்டு விரல். இப்போது குழுவில் ஒரே கலவரம். நம்பகமான கேமரா என்று நினைத்திருந்த கறுப்பே இப்படிச் செய்தால் யாரை நம்புவது? ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு கேமராவையும் ஒரே அலமாரியில்தான் வைத்திருந்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"அதான்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "சேர்க்கை சரியில்ல. வெள்ளியோட சேர்ந்து கறுப்பும் கெட்டுப்போச்சு. ரெண்டையும் வேற வேற அலமாரியில வைங்க. சாவியையும் வேற வேற ஆள் வச்சுக்கணும்."

விரிசலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் கண்ணாடி உடைகிற சத்தம்தான் கேட்டது.

"சார், கேமரா எப்ப வேணாலும் வாங்கிக்கோங்க. இப்போதைக்கு அந்த வீடுகள மட்டும் காலி பண்ணச் சொல்லி ஒரு உத்தரவு..."

"வெளியேத்தணும்னா படம் வேணும். படம் வேணும்னா கேமரா வேணும். கேமரா வேணும்னா ஒப்பீடு முடியணும். நான் ஏதாவது குறுக்க நிக்கிறேனா? சொல்லுங்க. நான் வழி விட்டுட்டுத்தானே உக்காந்திருக்கேன்?"

செயலாளர் அப்போது கறுப்பின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல ஒரு கை இருக்கு."

இருந்தது. படத்தின் ஓரத்தில், பள்ளிப் பையின் வாருக்குக் கீழே ஒரு சின்னக் கை. அதன் இரண்டு விரல்கள் விரிசலுக்குள் பாதிவரை போயிருந்தன.

"யாரோட கை இது?"

"என் அக்கா பொண்ணு மேடம்." அந்தக் கையை விரிசல் இப்போதுதான் கவனித்தார். எவ்வளவு ஆழம் என்று பாப்பா மாமாவுக்காக அளந்து பார்த்திருக்கிறாள்.

"கை எதுக்கு அங்க வந்துச்சு?"

"அவ வீடு அங்கதான் மேடம்."

"அனுமதி இல்லாம ஒரு கை கோப்புக்குள்ள வந்திருக்கு" என்றார் செயலாளர். "நாளைக்கு அந்தக் கை வழக்குப் போட்டா யார் பதில் சொல்றது?"

தலைவர் படத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இதாங்க காரணம்! பக்கத்துல சின்னக் கை இருந்தா விரிசல் பெருசாத்தானே தெரியும்? ஆள் நடமாட்டம்தான் நம்ம ஒப்பீட்டக் கெடுக்குது. மூணாவது சுற்று வைப்போம். இந்தத் தடவ படத்துல ஒரு கை இருக்கக் கூடாது, ஒரு கால் இருக்கக் கூடாது, கொடியில ஒரு துணிகூட இருக்கக் கூடாது."

விரிசல் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படியொன்றும் சட்டென்று பிடித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஏழு வருஷமாக அந்த அலுவலகத்தில் அவர் சொன்னது எதுவும் எடுபட்டதும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஏதோ ஒன்று அவருக்குள் உறைத்தது. மெதுவாகக் கேட்டார்.

"சார், ஆள் இருக்கக் கூடாதுன்னா... அவங்க வீட்டுக்குள்ள இருந்தா?"

"ஜன்னல்ல எட்டிப் பார்ப்பாங்களே!"

"ஆமா சார். எல்லாரும் எட்டிப் பார்க்கிற ஆளுங்கதான். கேமராவ நிதானமா எடுக்க விடமாட்டாங்க."

"அப்ப வெளிய அனுப்புங்க."

"முதல் படம் எடுத்ததும் உள்ள வந்துட்டா, ரெண்டாவது படத்துக்கு நிலைமை மாறிடுமே சார். ஒப்பீடு செல்லாமப் போயிடுமே."

தலைவர் அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"நல்ல பாயிண்ட். முதல் படத்துக்கு முன்னாடி எல்லாரும் வெளிய. ரெண்டாவது படம் வந்து, ஒப்பீடு முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் அங்க ஒரு ஈ, காக்கா இருக்கக் கூடாது. அதுவரைக்கும் நம்ம ஆபீஸ்ல கீழ பயிற்சிக் கூடம் சும்மாதானே கிடக்கு? அதுல இருக்கட்டும். மேடம், இன்னிக்கே உத்தரவு போடுங்க. இதுல தாமதம் கூடாது. இது கேமரா விஷயம்."

ஒன்றரை மாதமாகக் கெஞ்சிக் கிடைக்காத காகிதம் முக்கால் மணி நேரத்தில் வந்தது. "ஒப்பீட்டுப் படத்தின் தெளிவை முன்னிட்டு" என்று தொடங்கியது.

மறுநாள் காலை பன்னிரண்டு குடும்பமும் மூட்டை முடிச்சோடு பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கரும்பலகை, மேடை, நூறு நாற்காலி. நாற்காலிகளை அடுக்கிக் குடும்பத்துக்குக் குடும்பம் தடுப்பு வைத்துக்கொண்டார்கள். அக்கா துணி மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சுவர் இடியப்போகுதுன்னு சொன்னே, ஒருத்தனும் அசையல. போட்டோ எடுக்கணும்னதும் பன்னெண்டு வீட்டக் காலி பண்ணிட்டாங்க. அப்படி என்னடா போட்டோ அது?"

"வந்துட்டே இல்ல? பேசாம இரு."

"மெஷின் அங்க இருக்கே. இருநூறு சீருடை பாக்கி. அத யாரு தைப்பா, உங்க தலைவரா?"

மெஷின் இரும்புக் கால் வைத்த பழைய மெஷின். நாலு பேர் பிடித்தால்தான் நகரும். நாலு பேருக்கு அன்று நேரமில்லை. விரிசல் கறுப்பை வாங்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். உள்ளங்கை போகிற அளவு விரிசல், ஐந்து கண்ணாடிப் பட்டை, ஆளில்லாத படிகள். மிகத் தெளிவான படம்.

அதற்குப் பிறகு அவர் தினமும் போய் வெளியிலிருந்தே பட்டைகளை எண்ணிவிட்டு வருவார். ஆறாம் நாள் பிற்பகல் போனபோது இரண்டுதான் முழுசாக இருந்தன. அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம்.

"அக்கா!"

"கத்தாதடா. மெஷின் தலைய மட்டும் கழட்டிக்கிறேன். ஒரே ஒரு ஸ்க்ரூதான் வரமாட்டேங்குது."

அவர் படிக்கருகே நின்றார். விரிசலின் மேல்முனையிலிருந்து மாவு சலிப்பதுபோல் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது பட்டை டிக் என்று உடைந்தது. உள்ளே ஓடினார்.

"விட்டுட்டு வா!"

"இத விட்டா நான் என்னடா பண்ணுவேன்? நீ சோறு போடுவியா?"

"போடுறேன், வா!"

"இந்தா வந்துடுச்சு. அந்தப் பக்கம் புடி."

பிடித்தார். வேறு வழி இல்லை, அவள் விடமாட்டாள் என்று அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மெஷின் தலையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கதவு தானாகப் பாதி மூடியிருந்தது. சுவர் இறங்கி நிலைச்சட்டத்தை அழுத்தியதில் கதவு தரையில் சிக்கிக்கொண்டது. விரிசல் தோளால் இடித்தார். அசையவில்லை. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மட்டும் இருந்தது. எங்கோ மேலே, இரண்டாம் மாடியில், ஏதோ ஒன்று முறிந்தது.

"நீ போ முதல்ல!"

"மெஷின்?"

"நான் குடுக்குறேன், போ!"

அவள் ஒருக்களித்து வெளியே போனாள். அவர் மெஷினைச் செங்குத்தாகத் திருப்பி வெளியே தள்ளினார். அவள் மார்போடு அணைத்து வாங்கினாள். சட்டை கிழிய அவரும் பிதுங்கி வந்தார். தெருவைக் கடந்து எதிர்நடைபாதையில் ஏறி, அவள் மெஷினைக் கீழே வைக்கக்கூட இல்லை. மாடிப்படிச் சுவர் நடுவில் மடங்கியது. அதைத் தொடர்ந்து படிகள், பிறகு அந்தப் பக்கத்து அறைகள் மூன்று தளமும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. சத்தம் நின்ற பிறகும் தூசி வந்துகொண்டே இருந்தது.

அக்கா மெஷினைக் கட்டிப்பிடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "பாப்பாவோட கட்டில்..." என்றாள். விரிசல் அவள் தலையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதார்.

எட்டாம் நாள் ஸ்டோர் கீப்பர் முறைப்படி வெள்ளியைக் கொடுத்தார். விரிசல் அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுத்தார். படத்தில் கீழ்ப்பாதி செங்கல் குவியல், மேல்பாதி வானம்.

கூட்டத்தில் இரண்டு உறைகளையும் பிரித்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கறுப்புல சுவர் இருக்கு. வெள்ளியில இல்ல."

"சார், சுவர் இடிஞ்சு விழுந்துடுச்சு."

"இடிஞ்சிருந்தா அது இடிபாட்டுப் பிரிவோட விஷயம். அவங்ககிட்டேருந்து நமக்குக் கடிதம் ஏதும் வரல. இது கேமராக் குழு. உங்ககிட்ட சாட்சி ஏதாவது இருக்கா?"

"இந்தப் படம்தான் சார் சாட்சி." வெள்ளியின் படத்தை முன்னால் தள்ளினார்.

"இதுவா? இது தோத்துப்போன கேமராவோட படமாச்சே!" தலைவர் அனுதாபத்தோடு சிரித்தார். "முதல்ல ஒரு விரிசல பெருசாக் காட்டுச்சு. நாம பொறுத்துக்கிட்டோம். இப்ப மூணு மாடிக் கட்டடத்தையே முழுங்கிட்டு நிக்குது. இதைவிடப் பெரிய மிகைப்படுத்தல் இருக்க முடியுமா? பாருங்க, கறுப்பப் பாருங்க. எவ்வளவு நிதானம்! இத்தனை மாச உழைப்பு வீண்போகல. கறுப்பையே வாங்குவோம்."

கைதட்டினார்கள். இந்தமுறை விரிசல் தட்டவில்லை.

மறுநாள் பயிற்சிக் கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒப்பீடு இனிதே முடிவடைந்ததாலும், அங்கீகரிக்கப்பட்ட கேமராவின் படத்தில் கட்டடம் நிற்பது தெளிவாகத் தெரிவதாலும், பன்னிரண்டு குடும்பத்தாரும் இன்று மாலைக்குள் கூடத்தைக் காலி செய்து தத்தம் வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். ஒப்பீட்டில் தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி; மாலையில் போட்டுவிடுவார். கறுப்பு எடுத்த படத்தின் நகல் ஒன்று இணைத்திருந்தது.

அக்கா கரும்பலகைக்குக் கீழே மெஷின் தலையை ஒரு மேசையில் பூட்டி, கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டுமுறை படித்தாள்.

"வீட்டுக்குன்னா எந்த வீட்டுக்குடா போகச் சொல்றாங்க?"

விரிசல் படத்தைக் காட்டினார். "இதுக்குள்ள போகச் சொல்றாங்கக்கா."

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். ஜன்னலுக்குள் தெரிந்த நீலத் திரைச்சீலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். அவள் தைத்தது. சுற்றிலும் பன்னிரண்டு குடும்பமும் நாற்காலித் தடுப்புகளுக்கு மேலாக விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மாலைக்கு இன்னும் நாலு மணி நேரம்தான் இருந்தது.

அவர் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அக்காவின் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தலைவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. ஒப்பீடு செல்லாது."

"என்னய்யா சொல்றீங்க?"

"கறுப்பு எடுத்த அன்னிக்கு வெயில். வெள்ளி எடுத்த அன்னிக்கு மேகம். பதினேழாவது கேள்விய ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல. அதோட கடையில சிவப்புல ஒண்ணு புதுசா வந்திருக்கு. அதப் பார்க்காம வாங்கினா நாளைக்கு நம்மள அவசரக்காரங்கன்னு சொல்லிடுவாங்க சார்."

அவசரக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் பேனாவை மூடினார். தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். படித்து முடித்து எழுந்துவந்து, விரிசலின் தோளில் கை போட்டார்.

"ஏழு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் நீங்க நம்ம ஆளு."

விரிசல் கீழே இறங்கி வந்தார். அக்கா சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா சொன்னான்? எத்தனை நாள் குடுத்திருக்கான்?"

"இனிமே மூணு கேமராக்கா. ஒண்ணோட ஒண்ண மாத்தி மாத்தி ஒப்பிடணும்" என்று அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பாப்பா காலேஜ் முடிக்கிற வரைக்கும் இங்க இருக்கலாம்."